‘தெரியுதா’ என்று கேட்கக் கூடாது

எட்டா, பத்தா?

பைனாகுலர் வாங்க நினைக்கிற எவரும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் வேலை பார்த்த ஹோட்டலில் புதிதாகச் சேர்ந்த பறவை வழிகாட்டிகள் இருவர் அண்மையில் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களும் இதையே கேட்டார்கள். இப்போது போனில் படம் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். பெட்டி வீட்டுக்கு வரும்வரை அதைக் கையில் தூக்கிப் பார்ப்பதுகூட இல்லை. “அண்ணே, எப்புடித் தெரிவு செய்யணும்னு நீங்க ஒருக்கா எழுதித் தாங்க. கெஸ்ட் கேட்டா நாங்களும் சொல்லலாம்” என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கை வேறு பக்கம் போகிறது. போகட்டும், கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பைனாகுலரின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். எட்டு, நாற்பத்திரண்டு என்று போட்டிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீற்றர் அகலம் என்று பொருள். முதல் எண் கூடினால் பறவை பெரிதாகும். கூடவே கை நடுக்கமும் பெரிதாகும், ஒரே பார்வையில் அகப்படும் இடமும் குறையும். இரண்டாவது எண் கூடினால் வெளிச்சம் கூடும், கழுத்தில் பாரமும் கூடும். எங்கள் மலையில் பாதி நாள் மூட்டம். அதனால் எட்டு போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கியும் முழு வட்டம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் புகாதபடி அடைத்ததா என்று கேட்க வேண்டும். அடைக்காத பைனாகுலருக்கு நுவரெலியாவில் ஆயுள் குறைவு. ஒரு மழைக்காலம் முடியுமுன் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்துவிடும்.

ஹோட்டலில் இதற்காகவே ஒரு அலுமாரி இருந்தது. அடித்தட்டில் இரவும் பகலும் ஒரு சின்ன பல்பு எரியும். அந்தச் சூட்டில் பைனாகுலர்கள் காய்ந்துகொண்டிருக்கும். ‘பல்பு அலுமாரி’ என்போம். அதன் சாவி சிரில் மாத்தையாவின் இடுப்பில்தான் இருக்கும்.

சிரில் மாத்தையா எங்கள் தலைமை வழிகாட்டி. சிங்களவர்; மாத்தையா என்றால் ஐயா. அவருடைய அப்பா வலப்பனைப் பக்கத் தோட்டமொன்றில் கிளார்க்காக இருந்தவர் என்பதால், தோட்டத்து லய வீடுகளில் நாங்கள் பேசும் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவார். நான் பூண்டுலோயாவில் கொழுந்து பறிக்கிற குடும்பத்தில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, தோட்டப் பாடசாலையில் கொஞ்சக் காலம் தொண்டராசிரியராக நின்று, நிரந்தரம் கிடைக்காமல் ஹோட்டலுக்குப் போனவன். இங்கிலிஷ் தெரியும் என்பதற்காக என்னை அவருக்குக் கீழே போட்டார்கள். பறவைகளின் பெயரைப் படிப்பதற்கு எனக்கு அதிக நாள் எடுக்கவில்லை. மனிதர்களுக்குப் பைனாகுலர் பொருத்திக் கொடுக்கத்தான் வருடங்கள் எடுத்தன.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கெஸ்ட் வந்ததும் பைனாகுலரைக் கையில் கொடுக்கமாட்டார். முதலில் வந்தவர் படி இறங்குவதைப் பார்ப்பார். பிறகு தேநீர்க் கோப்பையைத் தூக்கும் கையைப் பார்ப்பார். கை நடுங்கினால் பத்தை உள்ளே வைத்துவிட்டு ஏழையோ எட்டையோ எடுப்பார். இரண்டு குழாய்களையும் மடித்து விரித்து, இரண்டு வட்டம் ஒன்றாகும்வரை அவர்களையே சரிசெய்ய விடுவார். இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பச் சொல்வார். பின்பு வலது கண்ணால் மட்டும் பார்த்து வலப்பக்க வளையத்தைத் திருப்பச் சொல்வார். எல்லாம் முடிந்தபின், முற்றத்து சைப்ரஸ் மரத்தில் உட்கார்ந்திருக்கும் ஏதாவதொரு காகத்தைக் காட்டிக் கேட்பார்:

“அது என்ன செய்யுது?”

‘தெரியுதா’ என்று கேட்கக் கூடாது. இது அவருடைய முதல் சட்டம். நான் சேர்ந்த புதிதில் ஒரு கெஸ்டிடம் அப்படிக் கேட்டுவிட்டேன். அந்தக் கெஸ்ட் போனபிறகு சிரில் மாத்தையா என்னைக் கூப்பிட்டார்.

“யோகா, கல்யாண வீட்டுல சாப்பாடு எப்புடின்னு கேட்டா என்ன சொல்லுவாங்க?”

“நல்லாருக்குன்னு சொல்லுவாங்க சேர்.”

“உப்பே போடாட்டியும்?”

“போடாட்டியும்.”

“அவ்வளவுதான். தெரியுதான்னு கேட்டா, தெரியுதுன்னுதான் சொல்லுவான். இவ்வளவு தூரம் வந்து ‘எனக்குத் தெரியல’ன்னு சொல்ல மனுசனுக்கு வெக்கம். குருவி என்ன செய்யுதுன்னு கேளு. அதுல பொய் சொல்ல ஏலாது.”

இரண்டாவது சட்டமும் ஒன்று இருந்தது. ஒருவருக்குத் தெரியவில்லை என்பது பிடிபட்டுவிட்டால், கண்ணைக் குறை சொல்லக் கூடாது. ‘இந்தக் கண்ணாடி சரியில்லை’ என்று சொல்லி வேறொன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த பைனாகுலராக இருந்தாலும் அவர் முகத்தைச் சுளித்து, “இது சரியில்ல, இதப் பழுது பாக்கக் குடுக்கணும்” என்பார். பழுது பார்க்க எதுவும் போனதே இல்லை.

ஒருமுறை வயதான தம்பதி வந்தார்கள். மனைவி காலையிலிருந்து எதைக் காட்டினாலும் ‘ஆகா, ஆகா’ என்றபடி இருந்தார். சிரில் மாத்தையா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக்கண்ணிக் குருவியைக் காட்டி, என்ன செய்கிறது என்று கேட்டார். அந்த அம்மா கணவனைப் பார்த்தார். பிறகு பைனாகுலரை இறக்கிவிட்டு, காலையிலிருந்து ஒன்றையும் பார்க்கவில்லை என்றார். “கண்ணாடி சரியில்லை மேடம்” என்று இவர் தன்னுடைய சின்ன ஏழு மடங்கைக் கழற்றி மாட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா, “அது தன் காலைச் சொறிகிறது!” என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் குருவி பறந்துவிட்டது. யாரும் கவலைப்படவில்லை.

இந்தக் கதையை நான் வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன். மூத்தவள் தர்ஷினி அதைக் கேட்டே வளர்ந்தவள். எனக்கு இரண்டு பெண்கள். தர்ஷினிக்கும் சின்னவள் அபிக்கும் இடையில் பத்து வயதுக்கு மேல் வித்தியாசம். என் மனைவி செல்வி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்துக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. மாலை வேலை இல்லாத நாட்களில்கூட நான் வீட்டுக்கு வர மங்கிவிடும். அந்த நேரத்திலும் தர்ஷினியை வாசலுக்குக் கூட்டிவந்து, கழுத்தில் பைனாகுலரை மாட்டி, தேயிலைக்கு நடுவே எதையாவது காட்டுவேன். “தெரியுதா புள்ள?” என்பேன். “தெரியுதுப்பா” என்பாள். நாளெல்லாம் ஊரார் பிள்ளைகளிடம் ‘என்ன செய்யுது’ என்று கேட்டுவிட்டு வருகிறவன், வீட்டில் இப்படித்தான் கேட்டேன். வீட்டில் யாரும் சட்டம் வைத்துப் பேசுவதில்லை.

உயர்தரம் முடித்ததும் அவள் பறவை வழிகாட்டியாகப் போகப் போகிறேன் என்றாள். எங்கள் தோட்டத்தில் எந்தப் பெண்பிள்ளையும் அந்த வேலைக்குப் போனதில்லை. செல்விக்கு விருப்பமில்லை. “காடு மேடெல்லாம் வெள்ளைக்காரன் பின்னால அலையப் போறாளா?” என்றாள். “அப்பா அலையலியா?” என்றாள் மகள். “அவரு அலைஞ்சதுக்குத்தான் நான் கெடந்து அனுபவிக்கிறேன்” என்று செல்வி சொல்ல, மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது.

சிரில் மாத்தையா ஓய்வுபெறும் காலம் அது. “மகள கூட்டிட்டு வா யோகா, நானே பாக்குறேன்” என்றார். ஒரு மார்கழி நாள். காலையில் பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஒன்றைக் காட்டி வழக்கமான கேள்வியைக் கேட்டார். தர்ஷினி ஒரு மூச்சில் சொன்னாள்: “வாலத் தூக்கித் தூக்கி அடிக்குது சேர். கழுத்துச் செவப்புக்கு ரெண்டு பக்கமும் கறுப்பா ஒரு கோடு இருக்கு. இப்ப தரைக்கு எறங்குது… ஒரு பூச்சியப் புடிச்சிடிச்சு!” சிரில் மாத்தையா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மாலையில் ஓடைக்கரைக்குப் போனோம். வடக்கே பனிமலைகளிலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் வருகிற கறுப்பு வெள்ளைப் பூங்குருவி ஒன்று உண்டு. அதைப் பார்ப்பதற்கென்றே தேசம் விட்டுத் தேசம் வருகிறார்கள். வெளிச்சம் போகும் நேரத்தில்தான் அது ஓடைக்கு இறங்கும். உதிர்ந்த இலைகளை அலகால் புரட்டிப் புரட்டிப் புழு தேடும். மூன்று பேரும் மூச்சடக்கி நின்றோம். குருவி வந்தது. ஆனால் அன்றைக்கு அது இலையைப் புரட்டவில்லை. குளித்துவிட்டு வந்து ஒரு வேரின்மேல் அமர்ந்து, சிறகுக்கடியில் தலையை விட்டு இறகு கோதிக்கொண்டிருந்தது.

“மகள், என்ன செய்யுது?”

“எலையப் பொரட்டிப் பொரட்டிப் புழு தேடுது சேர்.”

சிரில் மாத்தையா பைனாகுலரை அவள் கையிலிருந்து வாங்கினார். பிறகு, “இந்தக் கண்ணாடி சரியில்ல போல மகள், இதப் பாருங்க” என்று, மங்கல் நேரத்துக்கென்றே வைத்திருந்த, வாய் அகன்ற பெரிய பைனாகுலரைக் கொடுத்தார்.

“ஆ, இதுல நல்லாத் தெரியுது சேர்.”

“என்ன செய்யுது?”

“இன்னும் பொரட்டிக்கிட்டுத்தான் இருக்கு.”

வேரின்மேல் ஒன்றும் இல்லை. குருவி அதற்குள் பறந்துவிட்டிருந்தது.

அவர் என் பக்கம் கையை நீட்டினார். என் பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தேன். அதை அவளிடம் கொடுத்து, “அப்பாட கண்ணாடி” என்றார்.

“இதுதான் எல்லாத்தையும் விட நல்லாத் தெரியுது” என்றாள் தர்ஷினி. வெறும் வேரைப் பார்த்துக்கொண்டு, அந்தக் குருவியைப் பற்றி நான் வீட்டில் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். புருவக் கோடு, வயிற்றுப் புள்ளி, அலகின் மஞ்சள். எல்லாம் சரியாக இருந்தன.

திரும்பி வரும்போது பாதையோரக் கல்லில் இடறி விழப்போனாள். “எப்பவும் இப்புடித்தான் சேர். மாடு மாதிரி நடக்குறேன்னு அம்மா ஏசுவாங்க” என்று சிரித்தாள். சிரில் மாத்தையா, வயதான கெஸ்டுக்குக் கொடுப்பதுபோல், தன் முழங்கையை அவளிடம் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

அவளை வரவேற்பறையில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் பல்பு அலுமாரிக்குப் போனோம். அவர் மூன்று பைனாகுலரையும் மேசையில் வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். முன்கண்ணாடியை ஊதி, வெளியிலிருந்து உள்ளே இல்லாமல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துணியைச் சுற்றித் துடைப்பது அவர் வழக்கம். அன்றைக்கு அதை மிக நேரம் செய்தார். நான் அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்வார் என்று காத்திருந்தேன். எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறார். எனக்கும் ஒருமுறை சொல்லட்டுமே என்று நின்றேன்.

“யோகா,” என்றார், தலையைத் தூக்காமல். “மூணு கண்ணாடியும் நல்லதுதான்.”

கண்டி ஆஸ்பத்திரியில் தர்ஷினியின் கண்ணுக்கு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, பெரிய டொக்டர் நெடுநேரம் பார்த்தார். சிங்களத்தில்தான் பேசினார், பொறுமையாகப் பேசினார். கண்ணின் பின்சுவரில், மங்கலில் பார்ப்பதற்கென்று இருக்கிற பகுதி முதலில் சாகிறது. பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வரும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகும். எவ்வளவு காலத்தில் என்று சொல்ல முடியாது. மருந்து இப்போதைக்கு இல்லை. கடைசியாக என்னையும் செல்வியையும் பார்த்து, “நீங்கள் இரண்டு பேரும் சொந்தமா?” என்று கேட்டார்.

செல்வி என் தாய்மாமன் மகள். எங்கள் பக்கம் முறைப்பெண் இருக்க வெளியில் பெண்ணெடுத்தால்தான் கேள்வி கேட்பார்கள். இதை யாரும் எங்களிடம் அதுவரை கேட்டதில்லை. நான் ‘ஓம்’ என்று தலையாட்டினேன். இது குற்றமில்லை, இரண்டு பக்கமும் ஒளிந்திருந்தது ஒரு பிள்ளையில் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் கேட்டார்.

பஸ்ஸில் வரும்போது செல்வி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். றம்பொடை ஏற்றத்தில் பஸ் முனகிக்கொண்டு ஏறும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “வாழ்க்கை முழுக்கக் கொழா வழியாத்தான பாத்தீங்க. இப்ப எம்புள்ளைக்கும் கொழா.” அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்குச் சொன்னதே போதும் என்று நினைத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபின் நான் தர்ஷினியிடம் கேட்டேன், “ஏன் புள்ள சொல்லல?”

“என்னத்த சொல்ல?” என்றாள். “இருட்டுனா எல்லாருக்கும் இப்புடித்தான்னு நெனச்சேன். நீங்களும் டோர்ச் அடிச்சுத்தான நடக்குறீங்க?”

“வாசல்ல நின்னு தெரியுதான்னு கேட்டப்ப, தெரியுதுன்னியே?”



“நீங்க ஆசையாக் கேப்பீங்கப்பா.”

வழிகாட்டியின் வேலை விடியுமுன்னும் இருட்டும்போதும்தான். அந்த வேலை அவளுக்கு இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரவேற்பறையில் இடம் பார்க்கிறேன் என்று சிரில் மாத்தையா சொன்னார். தினம் பைனாகுலரோடு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது என்று அவள் மறுத்துவிட்டாள். இப்போது தோட்டத்து முன்பள்ளியில் பகலில் படிப்பிக்கிறாள். நானும் ஓய்வு வயதுக்கு முன்பே வேலையை விட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகவர ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையில், இன்னொரு மாலை அந்த ஓடைக்கரையில் நின்று இன்னொருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

தர்ஷினி பைனாகுலரை விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் இன்னும் பார்க்கிறாள். அவளுக்கு எட்டு இப்போது கூடாது. எண் பெரிதானால் பறவையும் பெரிதாகும்; சுருங்கிய பார்வைக்குள் அது முழுதாக அடங்காது. அலகு தெரிந்தால் வால் தெரியாது. வாலைத் தேடுவதற்குள் பறந்துவிடும். ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்ட சிரில் மாத்தையாவுக்குப் போன் பண்ணினேன். மறு வாரம் ஒரு பஸ் கொண்டக்டர் கையில் பொட்டலம் வந்தது. அவருடைய பழைய ஆறு மடங்கு, ஓரம் தேய்ந்தது. தன் அளவு மாறாதிருக்க வலப்பக்க வளையத்தில் அவர் ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரித்துவிட்டிருந்தார், இனி அவள் அளவுக்கு அவளே திருப்பிக்கொள்ளட்டும் என்று. எட்டா பத்தா என்று கேட்ட தம்பிகளுக்கு இதையும் சொல்ல வேண்டும். ஆறும் உண்டு. கடையில் அதை யாரும் காட்டமாட்டார்கள்.

அபியையும் கண்டிக்குக் கூட்டிப்போனோம். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, வருடாவருடம் வாருங்கள் என்றார்கள். ‘இப்போதைக்கு’ என்ற சொல்லோடு எப்படித் தூங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் ஓடும்போது காலைப் பார்க்கிறேன். தட்டில் சோறு சிந்தினால் பார்க்கிறேன். கரண்ட் போன இரவில் அவள் தண்ணீர்க் குவளையை நேரே போய் எடுக்கிறாளா, தடவுகிறாளா என்று பார்க்கிறேன். செல்வியும் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை.

போன வாரம் ஒரு மாலை. நான் வாசலில் இருந்தேன். தர்ஷினி படியில் உட்கார்ந்து, அபியை முன்னால் நிறுத்தி, அந்தப் பழைய ஆறை அவள் கண்ணில் வைத்துப் பிடித்திருந்தாள். எதிரே கவாத்து வெட்டிய தேயிலைமேல் ஒரு புதர்ச்சிட்டு இருந்ததை நான் காட்டியிருந்தேன். கறுப்புடம்பு, சிறகில் ஒரு வெள்ளைப் பட்டை. எந்நேரமும் வாலை ஆட்டும், தரைக்கு இறங்கிப் பூச்சி பிடித்துவிட்டு மறுபடி ஏறும். அது அபிக்கும் தெரியும். அவளும் என் கதைகளைக் கேட்டு வளர்கிறவள்தான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தர்ஷினிக்கு அந்தச் செடியே தெரிந்திருக்காது.

“அபி, என்ன செய்யுது?” என்றாள்.

அடுப்படியில் செல்வி தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

வாலை ஆட்டுது என்று அபி சொல்லிவிடக் கூடாதே என்று காத்திருந்தேன்.

“ஒண்ணும் செய்யல அக்கா.”

“ஒண்ணுமா?”

“ம். சும்மா ஒக்காந்திருக்கு. ஒத்தக் கால்ல.”

நான் என் பைனாகுலரை எடுத்தேன். செடியும் வானமும் ஒன்றாக ஆடின. முழங்கைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். சிட்டு இருந்தது. ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, வாலை அசைக்காமல், சும்மா இருந்தது.

“அப்பா?” என்றாள் தர்ஷினி. அவள் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, நான் இருந்த இடத்துக்குச் சற்றே தள்ளி.

“சரிதான் புள்ள” என்றேன். “ஒத்தக் கால்லதான் நிக்குது.”

அடுப்படியில் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது. போதும், உள்ளே போகலாம் என்று நான் எழுந்தேன். தர்ஷினி எழவில்லை. தங்கச்சியின் தோளில் நாடியை வைத்துக்கொண்டு, இருட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

“இன்னும் சொல்லு அபி,” என்றாள். “எந்தக் காலு?”